பெயரை விட்டு எண்ணைப் பிடித்தோம்: எல்டேப்3 லைப்ரரியோடு ஒரு கல்லூரி அனுபவம்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கல்லூரிகளில் சிஸ்டம் அட்மின் வேலை பார்ப்பவர்களுக்கு அட்மிஷன் சீசன் எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆபீசிலிருந்து ஒரு எக்செல் வரும். வகுப்பு தொடங்குவதற்குள் முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் லாகின் தயாராக இருக்க வேண்டும். லேப், வைஃபை, நூலகத்தின் இணையப் பக்கம் மூன்றுமே அந்த ஒரே லாகினில் திறக்க வேண்டும். பட்டியலோ முடிவதில்லை. கவுன்சிலிங்கில் இன்னும் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள், சிலர் வேறு கல்லூரிக்குப் போவார்கள், சிலர் பிரிவு மாறுவார்கள்.

எங்கள் கல்லூரியில் இதெல்லாம் ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கிறது; யூசர்களையும் குரூப்புகளையும் ஒரே இடத்தில் பதிந்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு அது. யூசர்களைச் சேர்ப்பது, குரூப்பில் போடுவது, நிறுத்திவைப்பது எல்லாவற்றையும் பைத்தானில் எல்டேப்3 என்ற லைப்ரரி கொண்டு செய்கிறோம். எல்டேப் என்பது டைரக்டரியோடு பேசும் நெறிமுறை. இத்தாலிக்காரரான ஜியோவானி கன்னாட்டா எழுதிய திறமூல லைப்ரரி அது. முழுக்க பைத்தானிலேயே எழுதப்பட்டதால் விண்டோஸ், லினக்ஸ் எதில் வேண்டுமானாலும் சிரமமில்லாமல் நிறுவலாம். மைக்ரோசாஃப்டின் ஸ்கிரிப்டு மொழியான பவர்ஷெல்லில் இதே வேலைக்கு நல்ல வசதி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. எங்கள் மாணவர் தரவுத்தளம் லினக்ஸ் சர்வரில் இருப்பதால் பைத்தான் எங்களுக்குத் தோதுப்பட்டது.

லைப்ரரியைக் கற்றுக்கொள்ள அதிக நேரம் பிடிக்காது. இணைப்பது, தேடுவது, சேர்ப்பது, மாற்றுவது, நீக்குவது, அவ்வளவுதான். உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. டைரக்டரி எந்த இடத்தில் பாதிப் பதிலைக் கொடுத்துவிட்டு நிற்கும், லைப்ரரி எதைச் சொல்லாமல் விடும், இந்தப் பிள்ளைதான் அந்தப் பிள்ளை என்று எதை வைத்து முடிவு செய்வது: இவை தெரியாமல் டைரக்டரியில் எழுதும் ஸ்கிரிப்டை ஓட்டக் கூடாது. எனக்கு முன்னால் ஒரு வெளி ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டு இங்கே ஓடிக்கொண்டிருந்தது. அது விட்டுச்சென்றதைச் சரிசெய்யும்போதுதான் இந்தப் பாடங்களில் பாதி கிடைத்தன.

முதலில் ஆயிரம் பேர் விஷயம். ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு தேடலுக்கு ஒரே தடவையில் 1000 பதிவுகளுக்கு மேல் வராது. அது சர்வரின் இயல்பான வரம்பு. ஓப்பன் எல்டேப் என்ற திறமூல டைரக்டரி சர்வர் வைத்திருந்தால் வரம்பு 500. அதற்கு மேல் இருந்தால் சர்வர் 1000 பேரைக் கொடுத்து, கூடவே அளவு மீறியது என்று 4 என்ற எண்ணையும் அனுப்பும். எல்டேப்3-இன் சாதாரணத் தேடல் அழைப்பு பதிவுகள் ஏதாவது வந்திருந்தால் சரி என்றே திருப்பிச் சொல்லும். அந்த 4 முடிவு விவரத்தில் இருக்கும், திறந்து பார்த்தால்தான் தெரியும். பழைய ஸ்கிரிப்டு திறந்து பார்க்கவில்லை. கல்லூரி சிறியதாக இருந்தவரை பிரச்சினை இல்லை. மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிய வருடம், மிச்சமுள்ளவர்கள் டைரக்டரியில் இல்லை என்று அது நினைத்துக்கொண்டது. மறுபடி உருவாக்கப் போனது, பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சர்வர் மறுத்தது. உடனே அது பெயருக்குப் பின்னால் 2 என்று ஒட்டிப் புதுக் கணக்கு திறந்துவிட்டது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பலருக்கு இரண்டிரண்டு கணக்கு. ஒன்றில் லேப் ரெக்கார்டு, இன்னொன்றில் வைஃபை. எது யாருடையது என்று பிரித்தெடுப்பது பெரிய வேலையாகிவிட்டது.

இதற்குத் தீர்வு லைப்ரரியிலேயே இருக்கிறது. பக்கம் பக்கமாகக் கேட்கும் தேடல் ஒன்று நீட்டிப்புகளில் உண்டு, அதைத்தான் எப்போதும் பயன்படுத்த வேண்டும். பதிவுகள் 50 தானே என்று இருக்கும்போதே அப்படி எழுதிவிடுங்கள். இன்னொன்று, இணைப்பை உருவாக்கும்போதே பிழை வந்தால் எக்செப்ஷன் எழுப்பு (ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்து) என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். இயல்பில் அது அணைந்திருக்கும். அணைந்திருந்தால் சேர்ப்பதும் மாற்றுவதும் தோற்றாலும் 'ஆகவில்லை' என்று ஒரு மதிப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்கிரிப்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நான் ஒரு ஸ்கிரிப்டைப் படிக்க எடுத்தால் முதலில் தேடுவது இந்த ஒரு அமைப்பைத்தான்.

இதே மாதிரி இன்னொரு வரம்பு குரூப்பில் இருக்கிறது. ஒரு குரூப்பின் உறுப்பினர் பட்டியலை வாசித்தால் 1500 பேருக்கு மேல் ஒரே மூச்சில் வராது. உறுப்பினர் என்ற புலம் காலியாக வரும், அதன் பக்கத்தில் 0 முதல் 1499 வரை என்று வரம்பு குறித்த இன்னொரு புலத்தில் ஆட்கள் இருப்பார்கள். தெரியாதவர் பார்த்தால் குரூப்பே காலி என்று நினைப்பார். எல்டேப்3-இல் மிச்சத்தைத் தானாகவே கேட்டு வாங்கிச் சேர்க்கும் வசதி இருக்கிறது, வேறு லைப்ரரிகளில் நாமேதான் எழுத வேண்டும். அனைத்து மாணவர்கள் என்று ஒரு குரூப் வைத்திருக்கும் எந்தக் கல்லூரியும் இந்த இடத்துக்கு ஒருநாள் வந்து சேரும்.

சரி, இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

டைரக்டரியின் அமைப்பு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துச் செய்யப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. குடியாத்தத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அது மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயராக இருக்கும், விண்ணப்பத்தில் முன்னால் இருக்கும். சித்தூரிலிருந்து வரும் தெலுங்குப் பிள்ளைக்கு இனிஷியல் வீட்டுப் பெயரைக் குறிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகளின் சான்றிதழ்களில் முகமது என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும், சிலவற்றில் சுருக்கி எழுதிப் புள்ளி வைத்திருப்பார்கள். இதில் எது முதல் பெயர், எது குடும்பப் பெயர்? ஓப்பன் எல்டேப்பில் ஆள் என்ற வகைப் பதிவுக்குக் குடும்பப் பெயர் கட்டாயம், காலியாக விட்டால் பதிவையே ஏற்காது. ஆக்டிவ் டைரக்டரியில் அந்தக் கட்டாயம் இல்லை.

ஒருமுறை பட்டியலில் பிரியா எஸ் என்று ஐந்து வரி இருந்தது. ஒரே துறையில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. தப்பாக ஒட்டிவிட்டார்களோ என்று கேட்க செக்‌ஷனுக்குப் போனேன். அங்கே இருக்கும் மேடம் கோப்புகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். "தம்பி, அஞ்சு பேரும் வேற வேற பொண்ணுங்கதான். இது குடியாத்தம், இது ஆற்காடு, இது சோளிங்கர். சர்டிபிகேட் எல்லாம் நானே பார்த்துட்டேன். நீ பேரைப் பார்க்காதே, ரெஜிஸ்டர் நம்பரைப் பாரு" என்றார். இருபது வருடமாகக் கோப்பு பார்க்கிறவர் அவர். நாங்கள் டைரக்டரியை அமைத்த விதம் அவர் சொன்னபடிதான்.

டைரக்டரியில் பதிவுகளைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் மாதிரியான பகுதிதான் ஓயூ, அதற்குள் ஒரு பதிவின் பெயர் சிஎன். ஒரே ஓயூவுக்குள் இரண்டு பேருக்கு ஒரே சிஎன் இருக்க முடியாது. பெயரை சிஎன்னாக வைத்தால் இரண்டாவது பிரியாவிலேயே மோதும். அதனால் சிஎன் என்பது பதிவு எண். லாகின் பெயரும் பதிவு எண்ணே. ஆக்டிவ் டைரக்டரியில் பழைய முறை லாகின் பெயர் 20 எழுத்துக்கு மேல் போகாது. நீளமான பெயர்களோடு துறையையும் ஆண்டையும் சேர்த்து லாகின் அமைக்க நினைப்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள், 12 இலக்க எண் அதற்குள் தாராளமாக அடங்கும். மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே காட்சிப் பெயர் புலத்தில் போடுகிறோம். அங்கே தமிழிலும் எழுதலாம், எல்டேப் மூன்றாம் பதிப்பு எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூடிஎஃப்-8 குறியாக்கத்தை ஏற்கும். பிள்ளையின் பெயரை இரண்டாக உடைத்து நாமே குடும்பப் பெயர் கண்டுபிடிப்பதை முழுக்க நிறுத்திவிட்டோம். லேப் கணினியைத் திறந்ததும் திரையில் தன் பெயர் சரியாக வருவது பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை. அதைக் கெடுக்கிற உரிமை நம் ஸ்கிரிப்டுக்குக் கிடையாது.

எண்ணைப் பிடிப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. 12 இலக்க எண்ணை எக்செல் எண்ணாகவே எடுத்துக்கொண்டு 1.13E+11 என்கிற மாதிரி சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் திரையில் தெரிகிற சுருக்கம்தான் கோப்பில் போய்ச் சேரும், கடைசி இலக்கங்கள் போய்விடும். மொத்த வகுப்புக்கும் ஒரே எண்! அதனால் ஆபீசிடம் சிஎஸ்வி கேட்காதீர்கள். எக்செல் கோப்பை அப்படியே வாங்கி நீங்களே வாசியுங்கள். வாசித்ததும் ஒவ்வொரு எண்ணும் 12 இலக்கமா, இரண்டு இடத்தில் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டைரக்டரியைத் தொட வேண்டும்.

டிஎன் என்பது டைரக்டரியில் ஒரு பதிவின் முழுப் பாதை, வீட்டு முகவரி மாதிரி. சிவிலில் சேர்ந்தவர் மெக்கானிக்கலுக்கு மாறினால் அவர் பதிவு வேறு ஓயூவுக்குப் போகும், டிஎன் முழுக்க மாறும். வேறு மென்பொருள்கள் டிஎன்னைச் சேமித்து வைத்திருந்தால் அந்த மாணவர் அவற்றில் காணாமல் போவார். பெயர் மாறினாலும் ஓயூ மாறினாலும் மாறாதது ஆப்ஜெக்ட் ஜியூஐடி, அதாவது பதிவுக்குச் சர்வரே தரும் தனித்த அடையாளம். மற்ற அமைப்புகளோடு இணைக்க அதை அல்லது பதிவு எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும்.

தேடலில் பெயரை நேரடியாக ஒட்டி ஃபில்டர் (தேடல் நிபந்தனை) எழுதுவதையும் நிறுத்த வேண்டும். ஆபீஸ் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஏதாவது குறித்து வைப்பது வழக்கம். அந்த அடைப்புக்குறி ஃபில்டருக்குள் போனால் ஃபில்டரே உடைந்துவிடும். நட்சத்திரக் குறி போனால் அது எல்லோரும் என்று ஆகிவிடும். சுயசேவைப் பக்கம் ஏதாவது வைத்திருந்தால், யாராவது பெட்டியில் ஒரு நட்சத்திரத்தை அடித்து மொத்தப் பட்டியலையும் எடுத்துவிட முடியும். இந்தக் குறிகளைப் பாதுகாப்பாக மாற்றிக் கொடுக்கும் செயல்பாடு எல்டேப்3-இல் தயாராக இருக்கிறது. டிஎன்னுக்கு விதிகள் வேறு, அங்கே காற்புள்ளிதான் ஆபத்து. ஃபில்டருக்கு உள்ளதை டிஎன்னுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கடவுச்சொல் விஷயத்தில் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆக்டிவ் டைரக்டரி சாதாரண 389 போர்ட்டில் மறையாக்கம் இல்லாமல் கடவுச்சொல்லை மாற்ற விடாது. 53 என்ற எண்ணோடு செய்ய மாட்டேன் என்று மட்டும் சொல்லும். 636 போர்ட்டில் சான்றிதழோடு இணைய வேண்டும். கடவுச்சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து யூடிஎஃப்-16 வடிவில் அனுப்ப வேண்டும் என்பது சர்வரின் விதி. எல்டேப்3-இன் மைக்ரோசாஃப்ட் நீட்டிப்பு அதைத் தானே செய்துவிடுகிறது. சான்றிதழைச் சரிபார்க்காதே என்று அமைத்துவிட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் டொமைனின் சான்றிதழ் ஆணையக் கோப்பை ஒருமுறை எடுத்து வைத்தால் போதும்.

முதல் கடவுச்சொல்லாகப் பிறந்த தேதியை வைக்கும் பழக்கம் நம் ஊர்க் கல்லூரிகளில் நிறைய. பிறந்தநாளன்று வகுப்பே கேக் வெட்டுகிறது, அது என்ன ரகசியம்? நாங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒன்று உருவாக்கி, துண்டுச்சீட்டாக அச்சடித்து, லேப் வகுப்பில் கையில் கொடுக்கிறோம். முதல் லாகினில் மாற்றியே ஆக வேண்டும் என்று வைக்க, கடவுச்சொல் கடைசியாக மாறிய நேரம் என்ற புலத்தில் 0 என்று எழுத வேண்டும். இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று வந்தது. அந்த நிலையில் பிள்ளைகள் கைபேசியில் வைஃபையை இணைக்கப் பார்த்தால் உள்ளே விடாது, காரணமும் கைபேசியில் தெரியாது. முதல் நாள் முழுக்க ஹாஸ்டலிலிருந்து அழைப்புகளாக வந்தன. லேப் கணினியில் முதலில் மாற்றிவிட்டு அப்புறம் வைஃபை என்று துண்டுச்சீட்டிலேயே பெரிய எழுத்தில் போட்ட பிறகு அடங்கியது.

உங்கள் இணையச் செயலியில் எல்டேப் பைண்ட் (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து டைரக்டரியில் இணைவது) வைத்து லாகின் சரிபார்க்கிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் சோதியுங்கள்: கடவுச்சொல் பெட்டியைக் காலியாக விட்டு உள்ளே நுழையப் பாருங்கள். எல்டேப் நெறிமுறைப்படி பெயர் இருந்து கடவுச்சொல் காலியாக இருந்தால் அது சரிபார்க்கப்படாத பைண்ட். பல சர்வர்கள் அதற்கு வெற்றி என்றே பதில் சொல்லும். வெற்றி என்றால் உள்ளே விடு என்று எழுதிய செயலியில் யார் பெயரில் வேண்டுமானாலும் யாரும் நுழையலாம். எல்டேப்3 காலிக் கடவுச்சொல்லை அனுப்பவே மறுத்துப் பிழை காட்டும். மற்ற லைப்ரரிகளை நம்பி இருக்காமல், காலியாக இருந்தால் சர்வரிடமே போகக் கூடாது என்று நம் நிரலில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

குரூப்புகளைப் பற்றி மூன்று விஷயம். ஒருவர் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று யூசர் பதிவில் தெரியும் பட்டியலை நாம் மாற்ற முடியாது. குரூப்பின் பக்கத்தில் உறுப்பினரைச் சேர்த்தால் இது தானாக வரும். அப்படிச் சேர்க்கும்போது சேர் என்ற செயலைத்தான் கொடுக்க வேண்டும். மாற்றி எழுது என்று கொடுத்தால் இருந்த எல்லோரும் போய் நீங்கள் கொடுத்த ஒருவர் மட்டும் மிஞ்சுவார். அடுத்தது, யூசர் பதிவில் தெரிவது நேரடிக் குரூப்புகள் மட்டும். பிள்ளை முதலாண்டு குரூப்பில் இருந்து, அந்தக் குரூப் அனைத்து மாணவர்கள் குரூப்புக்குள் இருந்தால், பின்னது இங்கே வராது. முதன்மைக் குரூப்பும் வராது. உள்ளுக்குள் உள்ளதையும் சேர்த்துத் தேட ஆக்டிவ் டைரக்டரியில் 1.2.840.113556.1.4.1941 என்ற பொருத்த விதி இருக்கிறது, அதை ஃபில்டரில் சேர்த்தால் சர்வரே சங்கிலி முழுக்கத் தேடித் தரும். மூன்றாவது, உங்களிடம் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் (டைரக்டரியின் பிரதியை வைத்திருக்கும் சர்வர்கள்) இருந்தால், ஒன்றில் யூசரை உருவாக்கி அடுத்த நொடியே இன்னொன்றில் குரூப்பில் சேர்க்கப் போனால் அப்படி ஒருவர் இல்லை என்று 32 வரும். தகவல் அங்கே இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. டொமைன் பெயரைக் கொடுத்து இணையாமல், ஒரு குறிப்பிட்ட கன்ட்ரோலரின் பெயரைக் கொடுத்து முழு வேலையையும் அதிலேயே முடியுங்கள்.

ஸ்கிரிப்டின் கணக்குக்கு டொமைன் அட்மின் அதிகாரம் கொடுக்க வேண்டாம். மாணவர் ஓயூவில் மட்டும் உருவாக்கவும் மாற்றவும் உரிமையை ஒப்படைத்தால் போதும். பழைய ஸ்கிரிப்டில் அட்மின் கடவுச்சொல்லே கோப்புக்குள் எழுதியிருந்தது. அந்தக் கோப்பு எத்தனை பென் டிரைவில் போயிருக்கும் என்று நினைத்தாலே பயம், அன்றே மாற்றினோம்.

ஸ்கிரிப்டு இப்போது ஓடும் விதம் இது. முதலில் ஆபீஸ் பட்டியலையும் டைரக்டரியையும் முழுக்க வாசிக்கிறது. எது புதிது, எது மாறியது, யார் இல்லை என்று ஒப்பிட்டு ஒரு தாளாகக் கொடுத்துவிட்டு நிற்கிறது. எதையும் எழுதாது. அந்தத் தாளை செக்‌ஷன் மேடம் பார்த்து டிக் அடிக்கிறார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது கட்டம். வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேரை நிறுத்தச் சொன்னால் தானே நின்றுவிடும். பெரும்பாலும் அப்போது ஆபீசிலிருந்து வந்த கோப்பில் ஒரு துறையே விடுபட்டிருக்கும். பாதியில் கரண்ட் போய் மறுபடி ஓட்டினாலும் ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்யாது. வேலூர் வெயிலில் மே மாதம் சர்வர் அறை ஏசி ட்ரிப் ஆவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சோதனைக்குத் தனி சாம்பா சர்வர் ஒன்றை மெய்நிகர் கணினியில் வைத்திருக்கிறோம். 2012 இறுதியில் வந்த சாம்பா 4 முதல் அது ஆக்டிவ் டைரக்டரி கன்ட்ரோலராகவே இயங்கும், உரிமக் கட்டணமும் கிடையாது. எல்டேப்3-இல் பொய்யான சர்வரை வைத்துச் சோதிக்கும் வசதியும் உண்டு. அது நிரலின் போக்கைப் பார்க்கப் போதும், மேலே சொன்ன 1000, 1500 மாதிரி சர்வரின் குணங்களைக் காட்டாது.

படிப்பு முடிந்து போகிறவர்களை நாங்கள் உடனே நீக்குவதில்லை. நீக்கிவிட்டு அதே எண்ணில் மறுபடி உருவாக்கினாலும் சர்வருக்கு அவர் வேறு ஆள், பாதுகாப்பு அடையாள எண் புதிதாக வரும், பழைய கோப்புகளின் உரிமை ஒட்டாது. அரியர் எழுத வருகிறவர்களுக்கு இது வீண் அலைச்சல். அதனால் முதலில் கணக்கை நிறுத்திவைக்கிறோம். யூசர்அக்கவுண்ட்கன்ட்ரோல் என்ற புலத்தில் சாதாரணக் கணக்குக்கு 512, நிறுத்திய கணக்குக்கு 514 என்று இணையத்தில் எங்கும் எழுதியிருப்பார்கள். 514 என்று நேராக எழுதினால் அந்தப் புலத்தில் இருந்த மற்ற அமைப்புகள் அழிந்துவிடும். இருக்கும் மதிப்பை வாசித்து 2 என்ற பிட்டை மட்டும் ஏற்றி எழுத வேண்டும்.

யார் நீண்ட நாள் லாகின் செய்யவில்லை என்று பார்க்க இரண்டு புலங்கள் உண்டு. கடைசி லாகின் என்பது அந்தந்தக் கன்ட்ரோலரில் மட்டும் இருக்கும், மற்றவற்றுக்குப் போகாது. ஒன்றில் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தினமும் வருகிற பிள்ளையையும் வராதவர் என்று காட்டும். கடைசி லாகின் டைம்ஸ்டாம்ப் என்ற மற்றது எல்லாக் கன்ட்ரோலருக்கும் போகும், ஆனால் 9 முதல் 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். அதனால் நாங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு மேல் ஆனவர்களை மட்டும் பட்டியலிடுகிறோம். அந்தப் பட்டியலும் முதலில் செக்‌ஷனுக்குத்தான் போகிறது. மருத்துவ விடுப்பில் இருப்பவர்கள் யார், பிரசவத்துக்கு ஊருக்குப் போன ஆராய்ச்சி மாணவி யார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.